அடுக்கிய படங்களும் அணையாத விளக்குகளும்

உத்திரமேரூர் என்றதும் வைகுண்டப் பெருமாள் கோயிற் கல்வெட்டுகளே கற்றோர் நினைவில் எழும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற அவை குடவோலை முறையை உலகறியச் செய்தவை. அக்கல்லெழுத்துகளைக் காண ஆய்வாளர் பலரும் வருகின்றனர். ஆனால் அக்கோயிலுக்கு மேலே, ஒவ்வோர் இரவும் விரியும் அதனினும் பழமையான ஏடு ஒன்று உண்டு. அதனைப் படிக்க நாம் தலை நிமிர்வதில்லை. அவ்வேட்டைப் படிக்கப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. ஒரு கேமரா, ஒரு முக்காலி, சிறிது பொறுமை ஆகியன போதும். ஆயின் இவையனைத்தும் இருந்தும் இருள் இல்லையேல் பயனில்லை. இதுவே நாம் இங்கு வலியுறுத்த விழையும் கருத்து.

விண்மீன்களைப் படமெடுப்பதில் தொடக்கநிலையினர் சந்திக்கும் முதல் இடர் புவியின் சுழற்சியே. வானம் நான்கு நிமிடத்திற்கு ஒரு பாகை நகர்கின்றது. முக்காலியோ அசைவதில்லை. 50 மில்லிமீட்டர் வில்லை பொருத்திய எளிய கேமராவில் ஆறேழு நொடிகளுக்கு மேல் கதவு திறந்திருப்பின், புள்ளியாய் விழ வேண்டிய மீன் கோடாய் நீண்டுவிடும். ஆறு நொடியில் கிடைக்கும் ஒளியோ மிகச் சிறிது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தவிடு தூவினாற்போல் பொய்ப்புள்ளிகளே மிகுந்திருக்கும். இதனை 'இரைச்சல்' என்பர்.

இவ்விடர்க்குத் தீர்வு ஒரே வானப்பகுதியை நூறு முறை எடுத்து, அந்நூறு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்குவதாகும். டீப் ஸ்கை ஸ்டேக்கர், சிரில் போன்ற கணினி நிரல்கள் விலையின்றியே கிடைக்கின்றன. அவை ஒவ்வொரு படத்திலும் மீன்களின் அமைப்பை அடையாளங்கண்டு, படத்தை நகர்த்தியும் திருப்பியும் மீன்மேல் மீன் பொருந்துமாறு வைத்துச் சராசரி காண்கின்றன. மெய்யான ஒளி எல்லாப் படங்களிலும் ஓரிடத்தில் நிற்பதால் நிலைபெறுகின்றது. பொய்ப்புள்ளி படந்தோறும் இடம் மாறுவதால் தேய்கின்றது. நான்கு படங்களை அடுக்கினால் இரைச்சல் பாதியாகும். நூறு படங்களை அடுக்கினால் பத்தில் ஒன்றாகும்.

அமெரிக்க அறிஞர் ஹென்றி டிரேப்பர் 1880 செப்டம்பர் 30 அன்று ஓரியன் நெபுலாவை முதன்முதலில் ஒளிப்படத்தில் பதித்தார். அதற்கு அவர் 51 நிமிடம் ஒளியூட்ட வேண்டியிருந்தது. வானோடு உடன் சுழலும் பொறியும் பெருந்தொலைநோக்கியும் அவரிடம் இருந்தன. அதே 51 நிமிடத்தை நம் மாணவர் ஒருவர் ஆறாறு நொடிகளாய்ப் பகுத்தால் 510 படங்களாகும். இன்றைய கேமராவின் உணரி அன்றைய கண்ணாடித் தகட்டினும் கூர்மை மிக்கது. ஆதலின் நூறு படங்களிலேயே அந்த நெபுலாவின் சிறகுகள் தெரியத் தொடங்கும்.

குடவோலை முறையில், கணக்குக் காட்டாதவர் முதலிய தகுதியிலார் பெயர்கள் ஓலையில் இடம்பெறா. தகுதியுடையார் ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக் கொண்டு ஓர் ஓலையை எடுப்பிப்பர். ஈங்கும் முதற்பணி அதுவே. முகில் படர்ந்த படம், முக்காலி அசைந்த படம் ஆகியவற்றை முன்னரே விலக்கிவிட வேண்டும். ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. குடத்திலிருந்து ஓர் ஓலையே எடுக்கப்பெறும். இங்கோ தகுதியுள்ள ஒவ்வோர் ஓலையும் எண்ணப்பெறும்.

மாசித் திங்கள் அமாவாசை இரவொன்றில் உத்திரமேரூர் ஏரிக்கரையில் நாம் முதன்முதலில் முக்காலி ஊன்றினோம். நூறு படம் எடுத்து இல்லம் திரும்பிக் கணினியில் கண்டபோது, ஒன்றிலேனும் மீன் புள்ளியாக இல்லை. குவியத்தைச் சரிபார்க்க மறந்திருந்தோம்! பேரொளி மீன் ஒன்றைத் திரையில் பெரிதாக்கி, அது மிகச் சிறு புள்ளியாகும் வரை வில்லையைத் திருப்ப வேண்டும் என்பதை அன்று கற்றோம். விரல் பட்டுக் கேமரா அசையாதிருக்க இரண்டு நொடி தானியங்கியைப் பயன்படுத்தவும், கால்மணிக்கு ஒருமுறை கேமராவை மீன் சென்ற திசைக்குத் திருப்பவும், இறுதியில் வில்லையை மூடி இருட்படம் இருபது எடுக்கவும் பின்னர்ப் பழகினோம். இருட்படங்கள் உணரியின் சொந்தக் குறைகளைக் கழிக்க உதவும்.

"அடுக்கிய படம் பொய்ப்படம் அன்றோ? கண்ணுக்குத் தெரியாததைக் காட்டுகிறதே!" என்பாரும் உளர். அவர் கூற்று ஏற்புடைத்தன்று. நூறு முறை வந்து விழுந்த ஒளியைத் தொகுத்தல் பொய்யாகாது. வேறோர் ஊரில் எடுத்த பால்வீதியை நம் கோபுரத்தின்மேல் ஒட்டிக் காட்டுவதே பொய். முன்னது சான்றுகளைத் திரட்டித் தீர்ப்புரைப்பது. பின்னது சான்றைப் புனைவது.

வானைக் கூர்ந்து நோக்கும் மரபு நமக்குப் புதிதன்று. கார்த்திகைக்கு அடுத்த நாள்மீனை நாம் ரோகிணி என்கிறோம். கார்த்திகைக் கூட்டத்தின் பின்னே வருவதால் அரபியர் அதனைப் 'பின்தொடர்வது' எனும் பொருளில் அல்தபரான் என்றனர். அப்பெயரே இன்று உலக வழக்கு. அறிஞர் அல்சூஃபி கி.பி. 964ஆம் ஆண்டளவில் இயற்றிய விண்மீன் நூலில் ஆந்திரமேடா மண்டலத்தைச் சிறு முகில் எனக் குறித்தார். தொலைநோக்கி தோன்றாத காலத்தில் வெறுங்கண்ணால் கண்ட காட்சி அது! மழைக்காலம் ஓய்ந்ததும் அதே முகிலை நம் மாணவரும் அடுக்கிப் பார்க்கலாம்.

சவ்வாது மலையிலுள்ள காவலூரை வானியலுக்குத் தேர்ந்தவர் வைணு பாப்பு. ஆங்கு 1968இல் பணி தொடங்கிற்று. 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்குகின்றது. காவலூரும் உத்திரமேரூரும் ஏறத்தாழ ஒரே அகலாங்கில், பன்னிரண்டரைப் பாகை வடக்கில் அமைந்தவை. அறிவியலார் ஆங்கு காணும் அதே மீன்களே நம் ஏரிக்கரைக்கு மேலும் செல்கின்றன. ஐரோப்பியர் பலர் காணவியலாத ஒமேகா சென்டாரி எனும் மாபெரும் மீன்திரள் இங்குத் தென்வானில் முப்பது பாகை உயரத்தில் நிற்கும். காவலூருக்கு மலையும் இருளும் வாய்த்தன. மலையை நாம் ஆக்கவியலாது, இருளைக் காக்கவியலும்.

அவ்விருளே இன்று அருகி வருகின்றது. மஞ்சள் ஒளி விளக்குகள் நீங்கி, வெண்ணிற எல்.இ.டி. விளக்குகள் சிற்றூர்த் தெருக்களிலும் ஏறிவிட்டன. மூடியின்றி நாற்புறமும் ஒளி வீசும் விளக்குகள் வானையும் வெளுக்கச் செய்கின்றன. எத்துணைப் படங்களை அடுக்கினும், வெளுத்த வானத்தில் கரைந்த மெல்லொளி எளிதில் மீளாது.

விளக்கே வேண்டாவென நாம் கூறவில்லை. இரவில் பணி முடித்து வரும் பெண்டிர்க்கும், வரப்பில் நடக்கும் உழவர்க்கும் ஒளி இன்றியமையாதது. அவ்வொளி தரையில் விழட்டும் என்பதே நம் வேண்டுகோள். விளக்கின் மேற்புறம் ஒரு மூடியும், கீழ்நோக்கிய சாய்வும் இருப்பின் தெருவும் துலங்கும், வானும் பிழைக்கும். லடாக்கின் ஹான்லேயில் 2022இல் இருள்வானக் காப்பகம் அறிவிக்கப்பெற்றது. ஆங்கு வாழும் சிற்றூர் மக்களே அதன் காவலர்கள். ஏரிக்கென்றே தனி வாரியம் அமைத்துக் காத்த உத்திரமேரூர் மண்ணுக்கு இக்கடமை அரிதாகுமா?

மாணவ நண்பர்களே! விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால் ஒரு முக்காலியை இரவல் வாங்கிச் செல்லுங்கள். அமாவாசை இரவில் நூறு படம் எடுத்து அடுக்குங்கள். கிடைத்த படத்தை ஊராட்சி மன்றத் தலைவரிடம் காட்டி, "இது நம் ஊர் வானம், ஐயா, தெருவிளக்குக்கு ஒரு மூடி போட்டால் நம் பேரப்பிள்ளைகளும் இதைக் காண்பர்" என்று சொல்லுங்கள். நூறு சொற்பொழிவு செய்யாததை அந்த ஒரு படம் செய்யும் என நம்புகிறோம்.