உங்கள் செல்லம் எந்த இடத்தில் சொறிகிறது?

ராத்திரி டி.வி.யை அணைத்துவிட்டுப் படுத்த பிறகுதான் அந்தச் சத்தம் கேட்கும். 'டப்... டப்... டப்...' என்று பின்னங்கால் தரையில் இடிக்கும் சத்தம். ஐந்து நிமிடம் ஓயும். மறுபடியும் ஆரம்பிக்கும். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் நாய் வளர்க்கும் வீடுகளுக்கு இது பழகிய சத்தம். கடல் காற்றின் ஈரப்பதத்தோடு ஐப்பசி மழையும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

மறுநாள் கிளினிக்கில் போய், ''அரிப்பு நிக்கிற மாதிரி ஒரு ஊசி போட்டுடுங்க டாக்டர்'' என்று கேட்பவர்கள் பலர். ஸ்டீராய்டு ஊசி அரிப்பைச் சட்டென்று அடக்கிவிடும் என்பது உண்மை. சில நாய்களுக்கு அது அவசியமும்கூட. ஆனால், அரிப்புக்குக் காரணம் பூஞ்சையோ சிலவகை தோல் பூச்சியோ என்றால், அதே ஊசி நோயை வளர்த்துவிடும். அதனால் டாக்டரிடம் போவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. நாய் எங்கே சொறிகிறது, எங்கே கடிக்கிறது, எங்கே நக்குகிறது என்று இரண்டு நாள் கவனியுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கும்.

வால் தொடங்கும் இடத்தையும் இடுப்பையும் திரும்பித் திரும்பிக் கடிக்கிறதா? முதல் சந்தேகம் தெள்ளுப்பூச்சி மேல்தான். ''எங்க வீட்டு நாய்மேல ஒரு பூச்சிகூட இல்லையே'' என்பார்கள். கண்ணில் படாததாலேயே இல்லை என்றாகிவிடாது. அலர்ஜி உள்ள நாய்க்கு ஒன்றிரண்டு கடியே போதும். வெள்ளை டிஷ்யூ பேப்பரை நனைத்து விரித்து, அதன்மேல் நாயின் முடியைச் சீவுங்கள். விழும் கறுப்புத் துகள்களைச் சுற்றி செம்பழுப்பாகக் கறை ஊறினால், அது தெள்ளுப்பூச்சியின் எச்சம், செரித்த ரத்தம். வெறும் மண் என்றால் சிவக்காது. இன்னொரு விஷயம், நாயின் உடம்பில் இருப்பது கொஞ்சம்தான். முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் சோபா இடுக்கிலும் மிதியடியிலும் நாய் படுக்கும் துணியிலும் இருக்கும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டுவிட்டு வீட்டை விட்டுவிட்டால், சில வாரங்களில் பழைய கதைதான்.

காது ஓரத்திலும் முழங்கையிலும் முடி கொட்டி, வெறி பிடித்ததுபோல் சொறிந்தால் அது சொறிப் பூச்சியாக இருக்கலாம். நாயோடு ஒட்டிப் படுக்கும் குழந்தைக்கும் கையிலோ வயிற்றிலோ அரிப்பு வந்திருந்தால் மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். பெரிய துப்பு அது. குட்டி நாய்க்குக் கண்ணைச் சுற்றியும் வாயோரமும் அதிக அரிப்பில்லாமல் முடி உதிர்வது வேறு வகைப் பூச்சி. அது மனிதர்களுக்குத் தொற்றாது.

கால் விரல்களை விடாமல் நக்குகிறது, காதில் புளித்த வாடை வருகிறது, தோல் பிசுபிசுக்கிறது என்றால் ஈஸ்ட் என்னும் பூஞ்சை இருக்கலாம். எலியட்ஸ் பீச்சில் ஆட்டம் போட்டுவிட்டு ஈரத்தோடு வந்து படுக்கும் நாய்களுக்கும், அடர்முடிக்காரர்களுக்கும் இது சகஜம். (ஹஸ்கியை மாம்பலம் ஃப்ளாட்டில் வளர்க்கலாமா என்பது தனிப் பஞ்சாயத்து!) விரல் இடுக்குவரை துடைத்து உலர்த்துவது பாதி வைத்தியம். ஆனால் ஈஸ்ட் பெரும்பாலும் தானாக வருவதில்லை. வீட்டுத் தூசியோ சாப்பாடோ கிளப்பிய அலர்ஜி அதன் பின்னால் ஒளிந்திருக்கும்.

முடி குறைந்த அடிவயிறு மட்டும் சிவந்திருந்தால், நாயை விட்டுவிட்டுத் தரையைப் பாருங்கள். புதிதாக வாங்கிய ஃப்ளோர் க்ளீனரா, பினாயிலா? இரண்டு வாரம் வெறும் தண்ணீரில் துடைத்தாலே தெரிந்துவிடும்.

சாப்பாடுதான் கண்டுபிடிக்கக் கடினம். நாய்களுக்கு அடிக்கடி ஒத்துக்கொள்ளாதவற்றில் சிக்கனும் பால் பொருட்களும் உண்டு. நம் வீடுகளில் தினமும் கிடைப்பது சிக்கன் ஃபுட் அல்லது தயிர்சாதம்! பாக்கெட்டின் பிராண்டை மாற்றிப் பயனில்லை; புதியதிலும் சிக்கன்தான் இருக்கும். டாக்டர் சொல்லும் ஒரே உணவை எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பதுதான் வழி. இடையில் பாட்டி பாசத்தோடு ஒரு பிஸ்கட் போட்டால், கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து!

பக்கத்து வீட்டு யோசனைகள் பல ரகம். வண்டியில் வடித்த பழைய ஆயிலும் மண்ணெண்ணெயும் நாய் நக்கினால் விஷம். கற்பூரம் கலந்த தேங்காய் எண்ணெயும் ஆபத்துதான். நாம் போடும் ஷாம்பூ அதன் தோலை வறளச் செய்யும்.

அரிப்போடு சோர்வு, காய்ச்சல், வெளுத்த ஈறு, மூக்கில் ரத்தம் என்று ஏதாவது இருந்தால் கவனித்துக்கொண்டிருக்க வேண்டாம். அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்றைக்கே ரத்தப் பரிசோதனை தேவை.

மற்றபடி, தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் சின்னப் பரிசோதனையை நீங்களே கேட்டு வாங்கலாம். அருகில் உள்ள கிளினிக்கில் வசதியில்லை என்றால் வேப்பேரிக்குப் போகலாம். 1903-ல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. நாய் சொறிவதை மொபைலில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். டாக்டர் முன்னால் அது சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். அழுக்காக இருக்கிறதே என்று முதல் நாள் குளிப்பாட்டிவிடாதீர்கள். டாக்டர் தேடுவது அந்த அழுக்கில்தான் இருக்கும்.