ஒரு கோப்பையைவிட ஒரு சீசன் பெரிது



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். நடுவில் கணக்கும் வரும். பயப்பட வேண்டாம், பெருக்கல் மட்டும்தான்.

நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் இந்த வாரம் முழுக்கப் பந்துச் சண்டை. பார்சிலோனா பெரிதா, ரியல் மாட்ரிட் பெரிதா என்று. நடுவில் ஒரு தம்பி பார்சிலோனா பெண்கள் அணி ஆடிய வீடியோத் துண்டு ஒன்றைப் போட்டான். அதற்குக் கீழே இன்னொருவன், "இதெல்லாம் அங்க சரிடா, நம்ம ஊர்ப் பொண்ணுகளுக்கு எதுக்கு?" என்று எழுதினான். வரிசையாகச் சிரிக்கிற பொம்மை போட்டீர்கள். யார் யார் என்று இங்கே சொல்ல மாட்டேன். ஆனால் பதில் சொல்லாமலும் விட மாட்டேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பெண்களிடம் இல்லாதது திறமை அல்ல. கோப்பையும் அல்ல, அதை அவர்கள் ஜெயித்துக் காட்டிவிட்டார்கள். அவர்களுக்கு நாம் கொடுக்காதது ஒரு முழு சீசன்.

சீசன் என்றால் என்ன என்று மலையடிவாரத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஏலச்செடி நட்டவுடனே காய்க்காது. மூன்றாம் வருஷம்தான் காய்ப்புக்கு வரும். வந்த பிறகும் ஒரே நாளில் தோட்டத்தை உருவி எடுத்துவிட முடியாது. பழுத்ததை மட்டும் பார்த்து எடுத்துவிட்டு, முப்பது நாற்பது நாள் கழித்து அடுத்த சுற்றுக்குப் போக வேண்டும். அப்படி ஐந்தாறு சுற்று எடுத்தால்தான் அது ஒரு வருஷத்து மகசூல். ஒரே சுற்றோடு நிறுத்திவிட்டு, செடி சரியில்லை என்று சொன்னால் ஒத்துக்கொள்வீர்களா?

இப்போது ஸ்பெயினுக்கு வருகிறேன். அங்கே பெண்களின் முதல்நிலை லீக்கில் 16 அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற 15 அணிகளோடு சொந்த ஊரில் ஒரு தடவை, எதிரணி ஊரில் ஒரு தடவை ஆடும். ஆக 30 ஆட்டம். செப்டம்பரில் தொடங்கி மறு வருஷம் மே, ஜூன் வரை போகும். 30 ஆட்டத்தை 90 நிமிடத்தால் பெருக்குங்கள். 2,700 நிமிடம். அதாவது 45 மணி நேரம்.

அடுத்தது நம் பக்கத்துக் கணக்கு. சேது எஃப்.சி. என்று ஒரு பெண்கள் கால்பந்து கிளப். ஊர் எது தெரியுமா? மதுரை. போடியிலிருந்து ரயில் ஏறினால் போய்ச் சேரும் மதுரைதான். 2019 மே 22ஆம் தேதி, லூதியானாவில் நடந்த இந்தியப் பெண்கள் லீக்கின் இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று ஜெயித்து, இந்தியாவின் சாம்பியன் ஆனது அந்தக் கிளப். பயிற்சியாளரும் ஒரு பெண்தான், அம்ருதா அரவிந்த். கடலூர் மாவட்டத்துப் பெண் இந்துமதி கதிரேசன் அந்த அணியில் ஆடினார். அவர் தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். நேபாளத்திலிருந்து வந்து அதே அணிக்கு ஆடிய சாபித்ரா பண்டாரி, பிற்பாடு பிரான்சின் முதல்நிலை லீக்கில் கேங்காம் அணிக்கு ஆடப் போனார். மதுரைச் சட்டையில் ஆடிய கால் பிரான்சு வரை போயிருக்கிறது.

பந்துச் சண்டை போட்ட தம்பிகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பார்சிலோனாவின் மாற்று ஆட்டக்காரர் பெயர் வரை சொல்வீர்கள். மதுரை அணி இந்தியாவின் சாம்பியன் ஆனது தெரியாது. உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். தெரிந்துகொள்ள வாய்ப்பு எங்கே இருந்தது? கணக்கைப் பாருங்கள்.

அந்த வருஷம் 12 அணிகள், இரண்டு பிரிவு. பிரிவில் 5 ஆட்டம், பிறகு அரையிறுதி, இறுதி. சாம்பியன் அணி ஆடியது மொத்தம் 7 ஆட்டம். 630 நிமிடம், பத்தரை மணி நேரம். நம் ஊரிலிருந்து சென்னைக்குப் பஸ்ஸில் போகிற நேரம். அவ்வளவுதான் இந்திய சாம்பியனின் ஒரு வருஷத்து லீக். அதுவும் மே மாதம் மூன்று வாரத்துக்குள், பஞ்சாபில் ஒரே ஊரில் முடிந்துவிட்டது. அந்தப் பெண்களின் அப்பா அம்மா பார்க்கவில்லை. மதுரையில் பள்ளிக்கூடம் போகிற ஒரு சிறுமியும் பார்க்கவில்லை.

அந்த ஒரு வருஷம் மட்டும் அப்படி இல்லை. பெங்களூரு, புவனேஸ்வர், அகமதாபாத் என்று ஒவ்வொரு வருஷமும் ஒரே ஊரில் கூட்டி, சில வாரத்தில் முடித்து அனுப்பிவிடுவார்கள். 2020-21இல் கொரோனாவால் அதுவும் நடக்கவில்லை. அதற்குப் பெயர் லீக் என்றாலும், நடந்தது ஒரு திருவிழா. திருவிழா நல்லதுதான். ஆனால் வருஷத்தில் ஒரு தடவை தேர் இழுத்து யாருக்கும் உடம்பு தேறாது.

"ஸ்பெயின் வளர்ந்த நாடு, அவங்களோட நம்மை ஒப்பிடலாமா?" என்று கேட்பீர்கள். சரித்திரத்தையும் பார்த்துவிடலாம். இந்தியப் பெண்கள் அணி ஆசியக் கோப்பையில் இரண்டு தடவை இரண்டாம் இடம் வந்திருக்கிறது. இரண்டாவது தடவை 1983இல். உங்கள் அம்மாக்களில் பலர் பாவாடை தாவணியில் பள்ளிக்கூடம் போன காலம். ஸ்பெயினில் பெண்களுக்கு தேசிய லீக் ஆரம்பித்ததே 1988-89இல்தான். நாம் ஆசியாவில் இரண்டாவதாக நின்றபோது அவர்களிடம் லீக்கே கிடையாது. அவர்கள் லீக்கை ஆரம்பித்து, விடாமல் நடத்தி, 2023இல் இங்கிலாந்தை 1-0 என்று ஜெயித்து உலகக் கோப்பையை எடுத்தார்கள். நாம் பெண்களுக்கான தேசிய லீக்கை ஆரம்பித்தது 2016-17இல். கிட்டத்தட்ட முப்பது வருஷ இடைவெளி. அந்த முப்பது வருஷத்தில் எத்தனை பெண்கள் பந்தைக் கீழே வைத்துவிட்டுப் போனார்களோ, அதை எந்தப் பதிவேட்டிலும் யாரும் எழுதி வைக்கவில்லை.

சீசனில் எனக்குப் பிடித்த விஷயம் இன்னொன்று. அது தோற்றவர்களுக்கும் உரியது. 2021-22 சீசனில் பார்சிலோனா பெண்கள் 30 ஆட்டத்திலும் ஜெயித்தார்கள். முப்பதுக்கு முப்பது. அப்படியென்றால் மற்ற அணிகள் எல்லாம் அவர்களிடம் இரண்டு தடவை உதை வாங்கியிருக்கின்றன. ஆனால் கடைசி இடத்தில் நின்ற அணியும் 30 ஆட்டம் ஆடியது. இந்த ஞாயிறு ஐந்து கோல் வாங்கிய கோல்கீப்பருக்கு அடுத்த ஞாயிறு இன்னோர் ஆட்டம் இருக்கிறது. தப்பைத் திருத்த நாள் இருக்கிறது. நம் ஊர்த் திருவிழா முறையில் பிரிவிலேயே வெளியேறிய அணிக்கு 5 ஆட்டம், ஏழரை மணி நேரம். அடுத்த தேர்வு அடுத்த வருஷம்தான். ஒரே ஒரு பரீட்சை வைத்து, ஃபெயிலானவளை ஒரு வருஷம் வீட்டுக்கு அனுப்புகிற பள்ளிக்கூடத்தில் உங்கள் பிள்ளையைச் சேர்ப்பீர்களா?

நல்ல செய்தியும் இருக்கிறது. 2023-24 சீசனில் இந்தியப் பெண்கள் லீக்கும் சொந்த ஊர், எதிரணி ஊர் என்ற முறைக்கு மாறியது. அந்த வருஷம் 7 அணி, ஆளுக்கு 12 ஆட்டம். 2024-25இல் 8 அணி, ஆளுக்கு 14 ஆட்டம். 21 மணி நேரம். 2019 சாம்பியனுக்குக் கிடைத்ததைப் போல சரியாக இரண்டு மடங்கு. இரண்டு சீசனிலும் சேது எஃப்.சி. ஆடியது. 2025 ஜூலையில் நம் பெண்கள் தாய்லாந்தை அவர்கள் மண்ணிலேயே 2-1 என்று ஜெயித்து, தகுதிச் சுற்று வழியாக முதல் தடவையாக ஆசியக் கோப்பைக்குப் போனார்கள். லீக்கை நீட்டியது மட்டுமே காரணம் என்று ஒரு கணக்கு டீச்சர் சொல்லக் கூடாது. ஆனால் அதிகம் ஆடினால் ஆட்டம் தேறும் என்பதற்கு ஆராய்ச்சி எதற்கு?

சம்பளத்தையும் பேச வேண்டும். ஸ்பெயினில் அது தானாக வரவில்லை. 2019 நவம்பரில் அங்கே வீராங்கனைகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2020 பிப்ரவரியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. முழுநேர வீராங்கனைக்கு வருஷத்துக்குக் குறைந்தது 16,000 யூரோ. அது பத்தாது என்று 2023 சீசன் தொடக்கத்தில் மறுபடி நிறுத்தினார்கள். 21,000 ஆனது. உலகக் கோப்பையை வாங்கி வந்த கையோடு கூலிக்குப் போராட வேண்டியிருந்தது. இங்கே நம் கால்பந்து சம்மேளனம் 2023இல், லீக்கில் ஆடும் ஒவ்வொரு கிளப்பும் குறைந்தது 10 இந்திய வீராங்கனைகளுக்கு வருஷம் 3.2 லட்சம் ரூபாயாவது தர வேண்டும் என்று அறிவித்தது. மாதத்துக்கு இருபத்தாறாயிரத்துச் சொச்சம். எல்லாப் பெண்களுக்கும் அது கையில் கிடைக்க வேண்டும். அதைக் கேட்க ஆள் வேண்டும். பார்க்கிற கூட்டம் இருந்தால்தான் கேட்கிற குரலுக்கு பலம்.

இனி உறவுகளுக்கு.

நம் சொந்தத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி விளையாட்டு விடுதிக்குத் தேர்வாகியிருக்கிறாள். எந்த வீடு என்று உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம். அனுப்பலாமா கூடாதா என்று ஒரு மாதமாகப் பஞ்சாயத்து நடக்கிறது. என் காதுக்கு வந்த ஆட்சேபங்கள் மூன்று. வெயிலில் கறுத்துப் போவாள். கால் கை ஒடிந்தால் யார் கட்டுவார்கள். இதை வைத்து என்ன வேலை கிடைக்கும்.

முதல் ஆட்சேபத்துக்கு என் பதில்: பன்னிரண்டாவது முடித்த கையோடு எத்தனை பெண்களை விடிவதற்கு முன்னால் ஜீப்பில் நெருக்கி ஏற்றி, போடிமெட்டு வளைவுகளைத் தாண்டி ஏலக்காய் எடுக்க அனுப்புகிறோம்? சாயங்காலம் அட்டைக் கடியோடு இறங்கி வருகிறார்கள். அப்போது கறுத்துப் போவாள் என்று யாரும் சொல்வதில்லை. கால் பத்திரம் என்றுகூட யாரும் சொல்வதில்லை. கூலி வந்தால் சரி, பந்து என்றால் மட்டும் பயமா?

இரண்டாவது ஆட்சேபத்தில் நியாயம் இருக்கிறது. முழங்கால் காயம் பெண்கள் கால்பந்தில் உண்மையான ஆபத்து. பார்சிலோனாவின் அலெக்சியா புட்டேயாஸ், உலகின் சிறந்த வீராங்கனை விருதை இரண்டு தடவை வாங்கியவர், 2022இல் முழங்கால் தசைநார் அறுந்து பல மாதம் படுத்துவிட்டார். திரும்பி வந்து உலகக் கோப்பை அணியிலும் ஆடினார். அவருக்கு மருத்துவர்கள் இருந்தார்கள். அதனால் விடுதியில் போய்க் கேளுங்கள். காயம் பட்டால் வைத்தியச் செலவு யாருடையது? இரவில் பெண் வார்டன் இருக்கிறாரா? பள்ளிக்கூடம் ஒழுங்காக நடக்கிறதா? வருஷத்துக்கு எத்தனை ஆட்டம் ஆட வைப்பீர்கள்? இந்த நாலு கேள்விக்கும் தெளிவான பதில் வந்தால் அனுப்புங்கள். வராவிட்டால் அனுப்ப வேண்டாம், நானே உங்கள் பக்கம் நிற்பேன்.

மூன்றாவதற்கு இந்துமதியின் காக்கிச் சட்டை பதில். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி தேசிய சாம்பியன் பட்டத்தை இரண்டு தடவை எடுத்திருக்கிறது. 2018இல் கட்டாக்கில் மணிப்பூரை ஜெயித்து, 2023இல் அமிர்தசரஸில் ஹரியானாவை ஜெயித்து. ஆடுகிற எல்லோருக்கும் வேலை கிடைத்துவிடாது, அதையும் மறைக்க மாட்டேன். ஆனால் இன்ஜினியரிங் படித்த எல்லோருக்கும் கிடைத்துவிட்டதா? விடுதியிலும் படிப்பு உண்டு. பந்தும் படிப்பும் ஒன்றை ஒன்று தின்னாது. இரண்டையும் தின்னுவது பதினெட்டு முடிந்த உடனே நாம் பார்க்கிற மாப்பிள்ளைதான்.

கடைசியாக, படித்துவிட்டு லைக் போட்டுப் போகிறவர்களுக்கு மூன்று வேலை தருகிறேன்.

மதுரையிலும் சென்னையிலும் கோவையிலும் இருக்கிற பிள்ளைகளே, உங்கள் ஊரில் பெண்கள் ஆட்டம் என்று தெரிந்தால் ஒரு தடவையாவது போய் உட்காருங்கள். மகளையும் கூட்டிப் போங்கள். 2022 மார்ச் 30ஆம் தேதி பார்சிலோனாவில் பெண்கள் ஆட்டம் பார்க்க 91,553 பேர் வந்தார்கள். அது ஒரு பெரிய நாள். சாதாரண நாளில் அங்கேயும் சிறிய கூட்டம்தான். சிறிய கூட்டம் வாரா வாரம் வந்ததால்தான் பெரிய நாள் வந்தது.

போடியில் கடை வைத்திருக்கிறவர்களே, ஏலக்காய் வியாபாரத்தில் இருப்பவர்களே, கபடிப் போட்டிக்கு வருஷா வருஷம் கோப்பை தருகிறீர்கள். சந்தோஷம். இந்த வருஷம் கோப்பைக்குப் பதிலாக, பந்து ஆடுகிற நாலு பெண் பிள்ளைகளுக்கு பூட்ஸும் வெளியூர் பயணச் செலவும் தாருங்கள். கோப்பை அலமாரியில் தூசி பிடிக்கும், பூட்ஸ் தேயும். தேய்கிற பொருளுக்குக் கொடுங்கள்.

பள்ளிக்கூடங்களில் வேலை பார்க்கிற என் மாணவ ஆசிரியர்களே, சாயங்காலம் மைதானம் யாருக்கு என்று பாருங்கள். முழுக்கப் பையன்களிடம் இருந்தால், வாரத்தில் மூன்று நாள் ஒரு மணி நேரம் பெண் பிள்ளைகளுக்கு என்று பலகையில் எழுதிப் போடுங்கள். வாரம் 3 மணி, பள்ளிக்கூடம் நடக்கிற 40 வாரத்துக்கு 120 மணி. ஒரு பைசா செலவில்லை. 2019இல் இந்திய சாம்பியனுக்கு லீக் கொடுத்ததே பத்தரை மணி நேரம்தான் என்பதை மறக்காதீர்கள்.

"நம்ம ஊர்ப் பொண்ணுகளுக்கு எதுக்கு?" என்று கேட்ட தம்பிக்கு: உனக்கும் மகள் பிறந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். மிகவும் சந்தோஷம். அவள் நடக்கப் பழகியதும் ஒரு பந்து வாங்கிக் கொடு. காசு டீச்சர் தருகிறேன்.

கருத்து மாறுபாடு இருந்தால் கீழே எழுதுங்கள். ஆனால் கணக்கோடு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்,
சிலமலை.