ஜுரம் 99-ஆ, 101-ஆ? வீட்டுத் தெர்மாமீட்டரை நம்பலாமா?

சென்னை,

“பீப்” என்று சத்தம் வந்தது. எடுத்துப் பார்த்தால் 98.9. “ஜுரம் இல்லேடா கண்ணா, ஸ்கூலுக்குக் கிளம்பு” என்று அம்மா சொல்லிவிட்டார். சாயங்காலம் டாக்டர் வைத்துப் பார்த்தபோது 101.4!

மழைக்காலம் வந்துவிட்டால் சென்னையில் எந்தத் தெருவிலும் கேட்கக்கூடிய கதைதான் இது.

“மெஷின் பொய் சொல்லுது சார்” என்பது பொதுமக்கள் புகார். “மெஷின் சரியாத்தான் இருக்கு, வைக்கிறவங்கதான் சரியா வைக்கலே” என்பது மருந்துக் கடைக்காரர்களின் பதில். இருவர் பேச்சிலும் உண்மை உண்டு. ஆனால் கடைக்காரர் பக்கம் கொஞ்சம் அதிகம்!

பாதரசம் போச்சு

முன்பெல்லாம் கண்ணாடித் தெர்மாமீட்டர். டாக்டர் அதை இரண்டு உதறு உதறி நாக்குக்கு அடியில் வைப்பார். மூன்று நிமிஷமாவது வாயைத் திறக்கக்கூடாது. உடைந்தால் வெள்ளி முத்து மாதிரி பாதரசம் தரையில் ஓடும். குழந்தைகளுக்கு அது விளையாட்டு. ஆனால் அதன் ஆவி விஷம்.

கொடைக்கானலில் இந்துஸ்தான் லீவர் கம்பெனி நடத்திய தெர்மாமீட்டர் தொழிற்சாலை, பாதரசக் கழிவுப் பிரச்சினையால் 2001-ல் மூடப்பட்டது நினைவிருக்கும். பாதரசத்தை ஒழிக்க 2013-ல் மினமாட்டா உடன்படிக்கை என்ற சர்வதேச ஒப்பந்தம் வந்தது. 2018-ல் இந்தியாவும் அதை ஏற்றது. கண்ணாடி போய் வீட்டுக்கு வீடு பிளாஸ்டிக் குச்சி வந்தது இப்படித்தான்.

“பீப்” என்றால் என்ன?

இந்தக் குச்சியின் நுனியில் ஒரு உலோகத் தொப்பி. அதற்குள் கடுகளவு ‘தெர்மிஸ்டர்’. சூடு மாறினால் அதன் மின்தடை மாறும். அதை உள்ளே இருக்கும் சிப் டிகிரியாகக் கணக்குப் போட்டுக் காட்டுகிறது.

அட்டைப் பெட்டியில் “பிழை 0.2 டிகிரி பாரன்ஹீட்” என்று போட்டிருப்பார்கள். நல்ல கம்பெனிச் சரக்கில் அது பொய்யல்ல. ஆனால் அந்தக் கணக்கு, சோதனைச் சாலையில் ஒரே சூட்டில் வைத்த தண்ணீர்த் தொட்டியில் எடுத்தது. நம்ம வீட்டுப் பையனின் அக்குள் தண்ணீர்த் தொட்டி இல்லையே!

“பீப்” சத்தம் வந்தால் வேலை முடிந்தது என்று எல்லோரும் நினைக்கிறோம். அதுதான் தப்பு. சூடு ஏறும் வேகம் குறைந்துவிட்டது என்றுதான் அதற்கு அர்த்தம். குளிர்ந்த அக்குளில், கை சரியாக மூடாமல் வைத்தால் சூடு மெதுவாகத்தான் ஏறும். மெஷின் ஏமாந்து சீக்கிரமே “பீப்” போட்டுவிடும். பல மாடல்களில் அதற்குப் பிறகும் வைத்திருந்தால் எண் மேலே போவதைப் பார்க்கலாம். “பத்தே செகண்டில் ஜுரம்” என்று விற்கும் ரகங்கள் இன்னொரு படி மேலே. சூடு ஏறுகிற வேகத்தை வைத்து, முடிவில் எங்கே போய் நிற்கும் என்று ஊகித்துச் சொல்கின்றன.

அக்குள் சூடு, நாக்குக்கு அடியில் உள்ளதைவிடச் சுமார் ஒரு டிகிரி பாரன்ஹீட் குறைவு. வியர்வை ஈரம் இருந்தால் இன்னும் குறையும். சூடாகக் காபி குடித்த வாயில் ஏறும். ஐஸ் தண்ணீர் குடித்த வாயில் இறங்கும். குடித்தபின் கால் மணி நேரமாவது பொறுக்க வேண்டும். மூக்கு அடைத்து வாயால் மூச்சு விடும் குழந்தைக்கு வாயில் வைத்தால் குறைத்துத்தான் காட்டும்.

மெஷின் மேல் குற்றம் இல்லாத இன்னொரு விஷயமும் உண்டு. காலையைவிட மாலையில் உடம்புச் சூடு இயல்பாகவே கொஞ்சம் கூடும். முதலில் சொன்ன பையன் கதையில் இதற்கும் பங்கு இருக்கலாம்.

நெற்றித் துப்பாக்கி

2020-ல் கொரோனா காலத்தில் கடை வாசலில் நின்ற காட்சி மறக்குமா? காவலாளி கையை நீட்டச் சொல்வார். மணிக்கட்டில் ஒரு சுடு. “94... போங்க சார்.”

94 டிகிரி உண்மையாக இருந்தால் அந்த ஆளை ஜவுளிக் கடைக்குள் விடக்கூடாது, ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்! 95-க்குக் கீழே போனால் அது உடம்பு ஆபத்தாகக் குளிர்ந்துவிட்ட நிலை.

அந்தத் துப்பாக்கி தோலிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரைத்தான் அளக்கிறது. தோலின் சூடு வேறு, உடம்பின் உள்சூடு வேறு. வெயிலில் நடந்து வந்தால் ஏறும். ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தால் இறங்கும். பல துப்பாக்கிகளில் ‘பாடி’, ‘சர்ஃபேஸ்’ என்று இரண்டு நிலை உண்டு. பால் பாட்டில் சூட்டைப் பார்க்கிற ‘சர்ஃபேஸ்’ நிலையில் வைத்து மனுஷனைச் சுட்டால் ஜுரக்காரனும் ‘நார்மல்’ ஆகிவிடுவான்.

தராசுக்கு முத்திரை உண்டு, இதற்கு?

கடை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று தெரியும். எலெக்ட்ரானிக் தராசுக்கு வருஷம் ஒரு முறை முத்திரை போட வேண்டும். இல்லாவிட்டால் அபராதம். அரைக் கிலோ தக்காளியில் பத்து கிராம் குறையாமல் பார்த்துக்கொள்ளச் சட்டம் இருக்கிறது.

டிஜிட்டல் தெர்மாமீட்டர் விஷயத்தில் அரசு சும்மா இருக்கவில்லை. 2018 டிசம்பரில் அதை மருந்துச் சட்டத்தின் கீழ் கொண்டுவரும் அறிவிப்பு வந்தது. 2021 ஜூலையில் அதன் வியாபார லாபத்துக்கு 70 சதவீத உச்சவரம்பு போட்டார்கள். 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் துறை, எலெக்ட்ரிக் தெர்மாமீட்டர்களின் துல்லியத்துக்கு வரைவு விதிகள் வெளியிட்டு மக்களிடம் கருத்துக் கேட்டது.

நல்லதுதான். ஆனால் இதெல்லாம் கம்பெனியோடும் கடையோடும் நிற்கும். நம்ம வீட்டு அலமாரியில் நாலு வருஷமாகக் கிடக்கும் குச்சிக்கு முத்திரை போட எந்த இன்ஸ்பெக்டரும் வரமாட்டார்.

வீட்டிலேயே பார்க்கலாம். ஐஸ் தண்ணீர் சோதனை வேண்டாம். 32 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் பெரும்பாலான குச்சிகள் ‘லோ’ என்று காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். ஒரு டம்ளரில் கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீர். உங்கள் குச்சியையும் பக்கத்து வீட்டுக் குச்சியையும் நுனி மட்டும் முங்கும்படி ஒன்றாக வையுங்கள். அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஒன்றில் கோளாறு. எதில் என்று தெரிய மூன்றாவது குச்சி வேண்டும்! பேட்டரி அடையாளம் மின்னினால் முதலில் அதை மாற்றுங்கள்.

குறைத்துக் காட்டினால்தான் ஆபத்து

கூட்டிக் காட்டினால் ஒரு டாக்டர் பீஸ் நஷ்டம். குறைத்துக் காட்டினால்? மூன்று மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்கு 100.4 வந்தாலே உடனே டாக்டரிடம் போக வேண்டும். அங்கே ஒரு டிகிரி ஏமாற்றம் சின்ன விஷயமில்லை.

டெங்குவில் இன்னும் மோசம். அங்கே தெர்மாமீட்டர் சரியாகக் காட்டினாலும் ஏமாந்துபோகலாம்! மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் ஜுரம் இறங்கும். வீட்டில் எல்லோரும் “அப்பாடா” என்று மூச்சு விடுவார்கள். அடுத்த 24 முதல் 48 மணி நேரம்தான் ரத்தக் குழாய்களில் நீர் கசிந்து உயிருக்கு ஆபத்து வரக்கூடிய நேரம். குச்சியில் 98 இருக்கும். குழந்தைக்கு வயிற்று வலி, விடாத வாந்தி, பல் ஈறில் ரத்தம், ஒரேயடியாகச் சோர்வு இருக்கும். அப்போது எண்ணைப் பார்த்து உட்கார்ந்திருக்காதீர்கள், ஆட்டோ பிடியுங்கள்.

டாக்டரிடம் போனால் “ஜுரம் 99” என்று மட்டும் சொல்லாமல், எங்கே வைத்தீர்கள், எத்தனை மணிக்கு, பாராசிட்டமால் கொடுத்து எத்தனை மணி நேரம் ஆச்சு என்பதையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்.