அடுப்படிப் பாடம்: துருக்கி மருமகள் வைத்த சூப்



துருக்கிச் சாப்பாடு என்றதும் நம்மில் பலருக்குக் கம்பியில் செருகிச் சுழலும் இறைச்சிதான் கண்முன் வரும். பாசார் மாலாமில் பிள்ளைகள் கேட்டு அடம்பிடிப்பதும் அதுதான். ஆனால் அது கடைச் சாப்பாடு. துருக்கி வீட்டு அடுப்பில் அன்றாடம் கொதிப்பவை பருப்பும் கத்தரிக்காயும் கோதுமையும். பக்கத்தில் ஒரு கிண்ணம் தயிர். மாட்டிறைச்சி சேர்க்காத வீட்டாரும் தாராளமாகக் கை நனைக்கலாம். அவற்றில் இரண்டை இந்த மாதம் செய்து பார்ப்போம்.

முதலாவது, ஏஸோகெலின் சூப். இந்தப் பெயர் ஒரு பெண்ணின் பெயர். துருக்கியின் தெற்கே காஸியான்டெப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் 1909இல் பிறந்தவள் அவள். அழகி. பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வழக்கப்படி அவளுக்கு முதல் கல்யாணம் நடந்தது, அது நிலைக்கவில்லை. பிறகு எல்லைக்கு அப்பால் சிரியாவில் இருந்த உறவுக்காரருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். பிறந்த மண்ணின் நினைவு அவளை விடவே இல்லை. 1956இல் காசநோயால் சிரியாவிலேயே இறந்துபோனாள். சொந்த ஊர் தெரியும் மேட்டில் தன்னைப் புதைக்கச் சொன்னாள் என்பார்கள். 1999இல்தான் அவள் எலும்புகளைத் துருக்கிக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள்.

'கெலின்' என்றால் துருக்கி மொழியில் மணப்பெண், மருமகளும் அதேதான். 'வா' என்ற சொல்லிலிருந்து பிறந்தது அது. வந்தவள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். எதைச் சமைத்தாலும் குறை சொல்லும் மாமியாருக்காக, வீட்டில் இருந்த கொஞ்சத்தை வைத்து அவள் ஆக்கியதுதான் இந்தச் சூப் என்பது அந்த ஊர்க் கதை. கதையை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். தோட்டம் விட்டுத் தோட்டம் வாழப் போன பெண்களுக்கு மட்டும் அது புதுக்கதையாக இராது. மருமகள் வந்திருக்கும் வீட்டு மாமியார்கள் இந்த இடத்தை இன்னொரு முறை படித்தாலும் நல்லதுதான்!

இனி அடுப்புக்குப் போவோம். வேண்டியது ஒரு குவளை மைசூர்ப் பருப்பு. துருக்கியிலும் இதே சிவப்புப் பருப்புதான். அதோடு இரண்டு மேசைக்கரண்டி அரிசி, இரண்டு மேசைக்கரண்டி புல்கூர். புல்கூர் என்பது நாம் நெல்லை அவித்துப் புழுங்கலரிசி ஆக்குகிறோமே, அதுபோல் கோதுமையை அவித்துக் காயவைத்து உடைத்தது. அனடோலியாக் கிராமங்களில் பெரிய அண்டாக்களில் கோதுமையை வேகவைத்துக் கூரைமேல் உலர்த்துவார்கள். நம் ஊர் மளிகைக் கடையில் புல்கூர் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம், உடைத்த கோதுமை போதும்.

ஒரு பெரிய வெங்காயத்தையும் இரண்டு பல் பூண்டையும் பொடியாக நறுக்கி, இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெயில் நிறம் மாறும்வரை வதக்குங்கள். ஒன்றரை மேசைக்கரண்டி தக்காளி விழுது போட்டுப் பச்சை வாசனை போகக் கிளறுங்கள். டின் விழுது வாங்க மனமில்லையா? பழுத்த தக்காளி மூன்றை அரைத்து ஊற்றி நன்றாகச் சுண்டவிடுங்கள். கழுவிய பருப்பு, அரிசி, கோதுமை எல்லாவற்றையும் போட்டு ஏழு குவளை தண்ணீர் ஊற்றி, அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வேகவிடுங்கள். பருப்பு கரைந்து கூழாக வேண்டும். அடிப்பிடிக்கும், பக்கத்து வீட்டுப் பேச்சில் மறந்துவிடாதீர்கள். உப்பை வெந்த பிறகு போடலாம்.

கடைசியில் தாளிப்பு. ஆமாம், அவர்களும் தாளிக்கிறார்கள். கொஞ்சம் வெண்ணெயை உருக்கி, ஒரு தேக்கரண்டி காய்ந்த புதினாவும் ஒரு தேக்கரண்டி மிளகாய்த் தூளும் போட்டுப் பொங்கியதும் சூப்பின் மேல் ஊற்றுவார்கள். அவர்கள் மிளகாய் அவ்வளவாகக் காரம் இல்லாதது. நாம் வரமிளகாயின் விதையை நீக்கிவிட்டுக் கொரகொரப்பாக இடித்துக்கொள்ள வேண்டும். புதினாவை வாசலில் தொட்டியில் வளர்ப்பவர்கள் நிழலில் நாலைந்து நாள் உலர்த்திக் கசக்கி வையுங்கள். கை அரிக்கிறது என்று கடுகு, கறிவேப்பிலை, மஞ்சள் போட்டீர்களோ, அது நம் பருப்புக் குழம்பாகிவிடும்! எலுமிச்சை பிழிந்து ரொட்டியோடு சாப்பிடலாம். ஒரு குவளைப் பருப்பில் ஆறு பேர் வயிறு நிறையும். சம்பளத்துக்கு முந்திய வாரத்தில் இதன் அருமை தெரியும்.

இரண்டாவது பண்டத்தின் பெயர் 'இமாம் பயில்டி', அதாவது இமாம் மயங்கி விழுந்தார். ருசியில் மயங்கினார் என்று ஒரு கதை, மனைவி செலவழித்த ஆலிவ் எண்ணெயின் கணக்கைக் கேட்டு மயங்கினார் என்று இன்னொரு கதை. ஆலிவ் எண்ணெய் விலையைப் பார்த்தால் நான் இரண்டாவது கதைப் பக்கம்! ஒரு சின்னப் போத்தல் வாங்கினால் போதும். பொரிக்கச் சூரியகாந்தி எண்ணெயையும் கடைசியில் மேலே ஊற்ற ஆலிவ் எண்ணெயையும் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு கத்தரிக்காய்களைக் காம்போடு வைத்து, தோலைப் பட்டை பட்டையாகச் சீவி, உப்புத் தண்ணீரில் இருபது நிமிடம் போட்டுத் துடைத்து, மேலாகப் பொரித்தெடுங்கள். வெங்காயம் இரண்டு, பூண்டு, தக்காளி இரண்டு, உப்பு, ஒரு சிட்டிகை சீனி சேர்த்து வதக்கி, கத்தரிக்காயின் வயிற்றைக் கீறி அடையுங்கள். சட்டியில் அடுக்கி, அரைக் குவளை தண்ணீரும் இரண்டு கரண்டி ஆலிவ் எண்ணெயும் ஊற்றி மூடி, சிறு தீயில் அரை மணி நேரம் வைத்தால் ஆயிற்று.

இதைச் சூடாகச் சாப்பிடுவதில்லை, ஆறவைத்துத்தான் உண்பார்கள். ஆனால் நம் வெக்கையில் காலைப் பெரட்டு வரை மேசைமேல் விட்டுவைக்க வேண்டாம். ராத்திரி சாப்பிட்டது போக மீந்ததை உடனே குளிர்ப்பெட்டியில் வைத்துவிடுங்கள். மறுநாள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு ரொட்டிக்குள் வைத்துக் கொடுக்கலாம். எண்ணெய் வடியாமல் தாளில் சுற்றிக் கொடுங்கள்.