றோட்டில் நிற்கச் சொல்லித்தந்தது நீங்கள்தான், அப்பா

2009 மே 10, அன்னையர் தினம். ரொறன்ரோவின் காடினர் நெடுஞ்சாலையில் ஆயிரக்கணக்கான தமிழர் ஏறி இருந்தார்கள். பல மணி நேரம் ஒரு வாகனமும் போகவில்லை. எனக்கு எட்டு வயது. என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அப்பா. முள்ளிவாய்க்காலில் சனம் ஷெல்லடியில் செத்துக்கொண்டிருந்தது. "நாங்கள் றோட்டில நிண்டால்தான் இவங்கள் திரும்பிப் பார்ப்பாங்கள்" என்றார்.

2020 மே 30. மினியாபொலிஸில் ஜோர்ஜ் புளொயிட்டின் கழுத்தில் ஒரு பொலிஸ்காரர் முழங்காலை ஊன்றிக் கொன்று ஐந்து நாள். ரொறன்ரோ நகர மையத்தில் ஊர்வலம். நான் சப்பாத்துப் போடும்போது அதே அப்பா கதவடியில் நின்றார். "உது எங்கட பிரச்சினை இல்லை. படிக்கிற பிள்ளை, பேசாமல் வீட்டில இரு."

நான் போனேன். மூன்று கிழமை அவர் என்னோடு கதைக்கவில்லை.

"எங்கட பிரச்சினை இல்லை." காடினரில் நாங்கள் இருந்தபோது காருக்குள் காத்திருந்தவர்களில் பலர் எங்களைப் பற்றி நினைத்ததும் இதுதான். உங்கள் நாட்டுச் சண்டைக்கு எங்கள் றோட்டை ஏன் மறிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். அன்றைக்கு அது எங்களுக்குச் சுட்டது. இன்றைக்கு அதையே நாங்கள் இன்னொருவருக்குச் சொல்லலாமா?

அப்பா கோழை இல்லை. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்தபோது பொலிஸ் பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டவர். சீருடையைக் கண்டால் ஒதுங்கு என்பது அவர் உயிர் தப்பிய பாடம். ஆனால் அந்த இரண்டு இரவும் அவரைத் தன் வீட்டில் ஒளித்துவைத்தவர் ஒரு சிங்கள அம்மா. அவவுக்கு அது யாருடைய பிரச்சினை? 1986இல் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை நியூபவுண்ட்லாந்து மீனவர்கள் காப்பாற்றினார்களே, அது யாருடைய பிரச்சினை? தன் வேலையை மட்டும் பார்த்துக்கொண்டு போகாத மனிதர்களால்தான் நாங்கள் இருக்கிறோம்.

இதை வாசிக்கிற தம்பி, தங்கச்சிமாருக்கு ஒன்று. அப்பா அம்மாவை "இனவாதி" என்று சொல்லிவிட்டு அறைக்கதவை அடித்துச் சாத்துவது சுகம். அதால் ஒன்றும் மாறாது. எங்கே இருந்து அந்தப் பயம் வந்தது என்று கேளுங்கள். அதே நேரம், சாப்பாட்டு மேசையில் கறுப்பின மக்களுக்கு எங்கள் ஆட்கள் சொல்லும் அந்தச் சொல் வந்தால் சிரித்து மழுப்பாதீர்கள். அப்பா சொல்கிறார் என்பதற்காகப் பிழை சரியாகாது.

பயம் அவருடையது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அது எனக்குச் சட்டம் இல்லை.

வருகிற மே 18 நினைவேந்தலுக்கு வழமைபோல அவரோடு போவேன். அடுத்த ஊர்வலத்துக்கு என்னோடு வரச்சொல்லி அவரைக் கேட்பேன். மாட்டேன் என்றால் அதற்கடுத்த முறையும் கேட்பேன்.