குட்டி யானைக்கு ஒரு பிளக் பாயிண்ட்

எலெக்ட்ரிக் கார் வாங்கினால் அந்தஸ்து, எலெக்ட்ரிக் டெம்போ வாங்கினால் தொல்லை. தில்லி ஹவுசிங் சொசைட்டிகளில் எழுதி வைக்காத சட்டம் இது.

எங்கள் சொசைட்டியில் மூன்று கார்களுக்கு சார்ஜிங் பாயிண்ட் போட கமிட்டி மறுபேச்சில்லாமல் என்.ஓ.சி. கொடுத்தது. நாலாவதாகக் கேட்டவர் மாவு அண்ணாச்சி. திருநெல்வேலிக்காரர், கீழ்த்தளத்தில் சொந்த ஃபிளாட். நம் வீடுகளுக்கு இட்லி மாவு, காபிப்பொடி, ஆடி வெள்ளிக்கு வாழையிலை எல்லாம் அவர் உபயம். அவருக்கு வந்த பதில் ஒரே வரி: "கமர்ஷியல் வண்டி, அனுமதி இல்லை." அவருடைய பழைய சி.என்.ஜி. வண்டி அதே இடத்தில்தான் இத்தனை வருஷம் புகை விட்டுக்கொண்டு நின்றது. அப்போது யாருக்கும் அது கமர்ஷியலாகத் தெரியவில்லை.

அவர் வாங்கியது டாடா ஏஸ் ஈ.வி. நம்மூரில் குட்டி யானை, இங்கே சோட்டா ஹாத்தி. 2022-ல் அறிமுகமானது, பேட்டரி 21.3 யூனிட் பிடிக்கும். அவர் இதற்கு மாறியது சுற்றுச்சூழல் பாசத்தால் மட்டும் இல்லை. தில்லியில் காலையிலும் மாலையிலும் சரக்கு வண்டிக்கு நோ என்ட்ரி; 2021 மார்ச்சில் சிறிய எலெக்ட்ரிக் சரக்கு வண்டிகளுக்கு அதிலிருந்து விலக்கு கொடுத்தார்கள். மாவு புளிப்பதற்குள் வீடு போய்ச் சேர வேண்டாமா?

"லோடு தாங்காது, டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்" என்கிறார் ஒரு கமிட்டி மெம்பர். 15 ஆம்பியர், 230 வோல்ட். பெருக்கினால் சுமார் மூன்றரை கிலோவாட். இரண்டு ஏசி ஓடுகிற மாதிரி. அந்த மெம்பர் வீட்டில் நாலு ஏசி :-) ராத்திரி பத்து மணிக்குச் செருகினால் காலை ஐந்துக்கு பேட்டரி நிறைந்துவிடும்.

அடுத்தது தீ பயம். நியாயமான பயம்தான். 2022 கோடையில் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்கள் எரிந்ததை எல்லோரும் டிவியில் பார்த்தோம். அதற்குப் பிறகுதான் பேட்டரி சோதனை விதிகளை இறுக்கி, அந்த டிசம்பரிலிருந்து இரண்டு கட்டமாக அமல்படுத்தினார்கள். பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு. என்.ஓ.சி. கிடைக்காததால் அண்ணாச்சி இப்போது சமையலறை ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்து சார்ஜ் போடுகிறார். ஏழு மணி நேரம் முழு லோடில் அந்த வயர் சூடாகிக் கிடக்கிறது, மழையிலும்கூட. தனி வயர், ஒழுங்கான எர்த், கசிவு வந்தால் அறுத்துவிடும் பிரேக்கர், தண்ணீர் எட்டாத உயரத்தில் சாக்கெட். இதைத்தான் அவர் கேட்டார். கமிட்டி மறுத்ததால் சார்ஜிங் நிற்கவில்லை, பாதுகாப்புதான் போயிற்று.

கணக்கும் பார்க்கலாம் (பி.காம் படித்தவனை வேறெதற்கு வைத்திருக்கிறார்கள்?). அவர் வீட்டுக்கு மாதம் 180 யூனிட். தில்லியில் 200 வரை மானியத்தில் பில் பூஜ்யம். வண்டிக்கு நாளுக்கு 20 யூனிட், 26 நாளைக்கு 520. ஒரே மீட்டரில் சேர்ந்தால் 700. 400-ஐத் தாண்டியதும் மானியமே கிடையாது. 2021 கட்டண ஆணைப்படி 200 யூனிட் 3 ரூபாய், அடுத்த 200 நாலரை, மிச்சம் 300 ஆறரை. ஆக 3,450 ரூபாய். மின்வண்டிக்குத் தனி மீட்டர் என்றால் யூனிட் 4.50, மொத்தம் 2,340. வீட்டு பில் பழையபடி பூஜ்யம். சர்சார்ஜ் எல்லாம் தனி. மாதம் ஆயிரத்துக்கு மேல் ஒரு கையெழுத்துக்காகப் போகிறது.

மின்வண்டிக்குத் தனி இணைப்பு கேட்கும் உரிமையை 2024 பிப்ரவரியில் திருத்திய நுகர்வோர் உரிமை விதிகளே கொடுக்கின்றன. விண்ணப்பம் முழுமையாக இருந்தால் பெருநகரில் மூன்று நாளில் புது இணைப்பு தர வேண்டும். ஆனால் பார்க்கிங் பொது இடமாயிற்றே, சொசைட்டி கடிதம் எங்கே என்று அண்ணாச்சியைத் திருப்பி அனுப்பினார்கள். மூன்று நாள் எண்ண ஆரம்பிப்பதே அந்தக் கடிதத்துக்குப் பிறகுதான்.

எங்கள் வங்கித் தொழிலையும் விடுவதாக இல்லை. வண்டிக்கு ஆன்ரோடு விலையில் கடன் தருகிறோம், அது ராத்திரி எங்கே சார்ஜ் ஆகும் என்று கேட்கிற வழக்கம் இல்லை. வண்டி ஓடாவிட்டால் தவணை எங்கிருந்து வரும்? வயரிங், மீட்டர் செலவையும் அதே கடனில் சேர்க்கலாம். சின்னத் தொகைதானே, முத்ராவில் சிசு பிரிவிலேயே 50,000 வரை இடம் இருக்கிறது.

வரும் ஞாயிறு பொதுக்குழு. அஜெண்டாவில் இதைச் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். காலை பதினொரு மணி, கம்யூனிட்டி ஹால். மாவு வாங்குகிற வீட்டுக்காரர்கள் மட்டும் வந்தாலே கோரம் நிறைந்துவிடும்.

டிஸ்கி: இது என் சொந்தக் கருத்து, நான் வேலை பார்க்கும் வங்கியின் கருத்து அல்ல. அண்ணாச்சிக்குக் கடன் கொடுத்தது வேறு வங்கி.