ஒரு வீட்டில் இரு நெருப்பு

எம்மிடம் பௌதிகம் பயின்று, இப்பொழுது இங்கிலாந்திலே குடும்பத்துடன் வாழும் அன்பர் ஒருவர் அண்மையில் எமக்குக் கடிதம் எழுதியிருந்தார். 2022 ஆம் ஆண்டில் உக்கிரேன் போரை அடுத்து எரிவாயுவின் விலை மிக உயர்ந்தது முதல், மாரிகாலத்தில் வீட்டைச் சூடாக்கும் செலவு அவரை வருத்துகின்றதாம். "நீரைச் சூடாக்கும் விறகடுப்பு ஒன்று மலிவாகக் கிடைக்கின்றது. வீட்டிலுள்ள எரிவாயுக் கொதிகலனின் குழாய்களோடு அதனை இணைத்துவிடலாமா, ஐயா?" என்பது அவரது வினா. விடை மாணவர்க்கும் பயன்படும் என்பதால் இங்கு எழுதுகின்றோம்.

குளிர்நாட்டு வீடுகள் பலவற்றில் எரிவாயுக் கொதிகலன் நீரைச் சூடாக்கும். மின்பம்பி அந்நீரைக் குழாய் வழியே அறைதோறும் உள்ள இரும்புப் பலகைகளுக்குச் செலுத்தும். குறித்த வெப்பநிலை வந்ததும் வாயு தானே அடைபட்டுச் சுவாலை அக்கணமே அவியும். அந்நெருப்பு ஆளிக்குக் கீழ்ப்படியும் நெருப்பு.

விறகின் குணம் வேறு. 'எரிவதை இழுத்தால் கொதிப்பது அடங்கும்' என்பர் எம்மவர். எமது அடுக்களையில் கொள்ளியை வெளியே இழுத்து நீர் தெளித்தால் உலை அடங்கிவிடும். மூடிய இரும்படுப்பிலோ இழுப்பதற்கு வழியில்லை. காற்றுவாயிலை அடைத்தாலும் தணல் நெடுநேரம் கனன்றுகொண்டே இருக்கும். அவ்வேளை மின்சாரம் தடைப்பட்டுப் பம்பி நின்றால், அடுப்பைச் சூழ்ந்த நீர் அங்கேயே நின்று கொதிக்கும். நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 1,600 மடங்கு இடத்தை வேண்டும். இக்காலத்து எரிவாயுக் கொதிகலன்கள் பலவற்றின் குழாய்கள் முற்றாக மூடப்பட்டவை. ஆவி வெளியேற வழியின்றேல் கலம் வெடித்து, வீட்டாரின் உயிருக்கே இறுதி நேரலாம்.

ஆகவே இணைக்கலாம், நேரே இணைத்தலாகாது. இடையில் ஒரு பெரிய நீர்த்தாங்கி வேண்டும். விறகடுப்பின் வெப்பமும் வாயுக் கொதிகலனின் வெப்பமும் அத்தாங்கியிலே சேர, வீடு அதிலிருந்து பெற்றுக்கொள்ளும். 1,000 லீற்றர் நீரை 40 பாகையிலிருந்து 80 பாகைக்கு உயர்த்தினால், ஏறக்குறைய 46 மின் அலகுக்குச் சமமான வெப்பம் அங்கே சேமிக்கப்படும். வீணாவது போக, அது சுமார் 15 கிலோகிராம் உலர்விறகு தரும் வெப்பமாகும். மாலையில் மூட்டிய தீ காலை வரை உதவும். தாங்கி ஆறினால் மாத்திரம் வாயு எரியும்.

இன்னும் இரண்டு காவல்கள் உள. விறகடுப்பின் நீர், மேலே திறந்த தாங்கி ஒன்றுடன், இடையில் அடைப்பெதுவுமின்றித் தொடர்புற்றிருத்தல் வேண்டும். மேலறையில் வெப்பப் பலகை ஒன்று, அடைக்க இயலாதபடி, அடுப்போடு நேரே இணைந்திருத்தல் வேண்டும். சுடுநீர் இலேசாகி மேலேற, ஆறிய நீர் கீழிறங்கும். பம்பி நின்றாலும் இம்மேற்காவுகை நிற்பதில்லை. வகுப்பிலே நாம் கண்ணாடிக் குழாயிற் காட்டிய பாடம் அங்கே ஒரு குடும்பத்தைக் காக்கின்றது.

விறகும் நன்கு உலர்ந்திருத்தல் வேண்டும். ஈரவிறகின் வெப்பத்தில் ஒரு பங்கு அதன் நீரை ஆவியாக்குவதிலேயே கழியும். புகைபோக்கியிலும் தார் படியும். சிறு அளவில் விற்கும் விறகில் ஈரம் நூற்றுக்கு 20 பங்கிற்கு மேற்படலாகாது என்று இங்கிலாந்தில் 2021 ஆம் ஆண்டு முதல் சட்டமே உண்டு. நிறமும் மணமும் அற்ற நச்சுவாயுவாகிய காபனோரொட்சைட்டை அறிவிக்கும் கருவியும் அறையில் இருத்தல் அவசியம். வாயு வேலையைப் பதிவுபெற்ற தொழில்வல்லுநரே செய்தல் வேண்டும். நண்பரின் கைத்திறனை நம்பி இறங்கலாகாது.

இவ்வளவுக்கும் ஆகும் பணத்தைக் கணக்கிட்ட பின்னரே அடுப்பை வாங்குமாறு அன்பருக்கு எழுதினோம். விறகையும் விலைக்கு வாங்குபவராயின் இலாபம் சொற்பமே.

2022 இல் எமது நாட்டிலும் எரிவாயுவுக்கு மக்கள் வரிசையில் நின்றனர். விறகடுப்பை இடித்துவிடாத வீடுகளில் அன்று உலை கொதித்தது. இரு நெருப்பு இருப்பது வீட்டுக்குப் பலமே. ஆயின், ஒன்றைப் பழகிய பழக்கத்தில் மற்றதை நடத்தலாகாது. நெருப்பை மூட்டுமுன், அதன் வெப்பம் எங்கே போகும் என்று கேட்பவரே அறிவுடையார்.